"ஒரு பிள்ளை இருக்காம்" என்று யாராவது சொன்னால்

நெல்லைப் பக்கம் ஒரு தத்தெடுப்பு நிறுவனத்தில் சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். பிள்ளையில்லாத கிறிஸ்தவத் தம்பதிகள் நேராக எங்களிடம் வருவது அபூர்வம். முதலில் ஜெபக்கூட்டம், அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் சபையில் தெரிந்த ஒரு நர்ஸோ ஊழியக்காரரோ வந்து, "ஒரு பிள்ளை இருக்காம், கல்யாணமாகாத பொண்ணு பெத்தது, ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் கொடுத்தாப் போதும், உடனே எடுத்துக்கலாம்" என்று சொல்லி ஆசை காட்டுவது, இத்தனையும் முடிந்து யாராவது பயமுறுத்தி அனுப்பினால்தான் எங்கள் அலுவலகம். சிலர் கடைசிவரை வருவதே இல்லை. பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போய் மாட்டிக்கொண்டு வக்கீலைத் தேடுகிறார்கள்.

இதைச் சபைக்காரர்களுக்காகவே எழுதுகிறேன். நானும் சபைக்காரிதான்.

நம் பிரசங்கங்களில் இந்த விஷயத்துக்குப் பஞ்சமே கிடையாது. பார்வோனின் மகள் மோசேயை எடுத்து வளர்த்தாள், மொர்தெகாய் தாய் தகப்பன் இல்லாத எஸ்தரைத் தன் மகளாக ஏற்றுக்கொண்டான், தான் பெறாத பிள்ளையை யோசேப்பு வளர்த்தார், நாமெல்லாரும் புத்திரசுவிகாரத்தின், அதாவது தத்துப்பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டதின், ஆவியைப் பெற்றவர்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்கிற யாக்கோபு 1:27 காலண்டரிலும் இருக்கும், காணிக்கைக் கவரிலும் இருக்கும். இவ்வளவும் கேட்டு வளர்ந்தவர்கள், தத்தெடுக்க விரும்புகிறவர்களின் வீட்டு நிலையைப் பார்க்கும் வீட்டாய்வுக்கு நான் போய் உட்கார்ந்ததும் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எந்தச் சாதிப் பிள்ளைன்னு தெரியுமாம்மா?" என்று கேட்கிறார்கள். தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டோம். விண்ணப்பத்தில் அதற்கு இடமும் இல்லை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் அண்ணன் பிள்ளையைத் தத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொண்டதைப் பார்த்துவிட்டு, நம்மவர்களும் முத்திரைத்தாள் வாங்கி நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. வெகுகாலம் நமக்கு இருந்த ஒரே வழி 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம்தான். அதில் நீங்கள் அப்பா அம்மா கிடையாது, பிள்ளை மேஜராகும் வரைக்கும் காப்பாளர், அவ்வளவே. வளர்த்தவர் உயில் எழுதாமல் இறந்துபோனால், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் வந்து "இவன் யாரு?" என்று கேட்கலாம். கேட்டார்கள்.

இது மாறியது 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் 2006-இல் அதில் வந்த திருத்தமும் வந்த பிறகுதான். எந்த மதத்தவரும் அந்தச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இப்போது நடைமுறையில் இருக்கும் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, முறையாகத் தத்தெடுத்த பிள்ளை சொத்துரிமை உட்பட எல்லாவற்றுக்கும் நீங்கள் பெற்ற பிள்ளைதான். ஆணையை முன்பு நீதிமன்றம் கொடுத்தது, 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டர் கொடுக்கிறார். சொந்தக்காரர் பிள்ளையை எடுப்பதற்கும் இந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, நோட்டரி பத்திரம் போதாது. கத்தோலிக்கர்களுக்கு ஒன்று: திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 110-ஆவது விதி, நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவர்களைத்தான் தத்தெடுத்தவரின் பிள்ளைகளாகக் கருதுகிறது. பங்குச் சாமியார் ஆசீர்வதித்துக் கொடுத்தார் என்பது திருச்சபைக்கே போதாது என்கிறபோது, அரசாங்கத்துக்கு எப்படிப் போதும்?

ஆனால் "ஆஸ்பத்திரிச் செலவு" வழியில் நடப்பது வேறு. குழந்தை பிறந்த இடத்திலேயே பிறப்புச் சான்றிதழில் வாங்குகிறவர்களின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். பெற்றவள் பெயர் எங்கேயும் இல்லை. அவள் எதில் கையெழுத்துப் போட்டாள், யார் மிரட்டிப் போட்டாள், எதுவும் தெரியாது. சட்டப்படி அவள், மாவட்டத்தில் அரசு அமைத்திருக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைத்திருந்தால், மனம் மாறித் திரும்பக் கேட்க 60 நாள் அவகாசம் கிடைத்திருக்கும், விவரமும் ரகசியமாக இருந்திருக்கும். நாம் ஜெபித்துக் கேட்ட ஆசீர்வாதம் என்று கொண்டாடுகிற இடத்தில், அந்தப் பெண்ணின் 60 நாளைப் பறித்திருக்கிறோம். முறையில்லாமல் பிள்ளையைக் கொடுத்தாலும் வாங்கினாலும் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். காசுக்கு விற்றால் வாங்கினால் ஐந்து ஆண்டு வரை. ஆஸ்பத்திரி ஊழியர் செய்தால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "டோனாவூர்ல எமி கார்மைக்கேல் அம்மா பேப்பர் பார்த்தா பிள்ளைகளை எடுத்தாங்க?" அவர் 1901-இலிருந்து கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்த காலத்தில் குழந்தைகள் நலக் குழுவும் இல்லை, குழந்தைகள் உதவி எண் 1098-உம் இல்லை. இன்று இருக்கிறது. கைவிடப்பட்ட குழந்தை கண்ணில் பட்டால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பாஸ்டர் வீடாக இருந்தாலும் கான்வென்ட்டாக இருந்தாலும்.

காத்திருப்பு நீளம்தான், அதை மறைக்க மாட்டேன். மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்து, வீட்டாய்வு முடிந்து, கைக்குழந்தைக்காக உட்கார்ந்திருந்தால் மூன்று ஆண்டைத் தாண்டிவிடும். ஆரோக்கியமான கைக்குழந்தைதான் வேண்டும் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதால் வந்த நீளம் இது. ஏழு வயதுப் பையன், அவனுடைய நாலு வயதுத் தங்கை, காது கேட்காத பிள்ளை, இவர்களுக்கு வரிசையே இல்லை. திக்கற்ற பிள்ளைகள் என்று நாம் பாடுவது யாரைப் பற்றி என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும்.

தனியாக இருப்பவர்கள் தத்தெடுப்பதைப் பற்றி நம்மிடையே ஒத்த கருத்து இல்லை. தனி நபர்களுக்கும் விவாகரத்தானவர்களுக்கும் பிள்ளை கொடுக்க முடியாது என்று அன்னை தெரசா தொடங்கிய மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி சபை 2015-இல் தத்தெடுப்புப் பணியையே நிறுத்திக்கொண்டது. அவர்கள் மனசாட்சி அவர்களுக்கு. நான் பார்த்த வரையில், திருமணமாகாத டீச்சரம்மாக்கள் வீட்டில் பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்கின்றன. பெண் குழந்தையைத் தனியாக இருக்கும் ஆண் தத்தெடுக்க முடியாது என்பது மட்டும் சட்டம்.

வீட்டாய்வில் நான் கட்டாயம் கேட்கும் கேள்வி, பிள்ளைக்கு எப்போது சொல்வீர்கள் என்பது. பாட்டிமார் முந்திக்கொண்டு, "அதெல்லாம் எதுக்கும்மா, சொல்லவே வேண்டாம்" என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே குடும்பம் மூன்றாம் மாதம் ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும். "அனாதையாக் கிடந்த பிள்ளைக்கு ஆண்டவர் எங்க மூலமா வாழ்வு கொடுத்தார்" என்று மைக்கில். பிள்ளையிடம் மட்டும் ரகசியம், சபை முழுக்கத் தெரியும், ஞாயிறு பள்ளியில் இன்னொரு பிள்ளை வாயிலிருந்துதான் அது தெரிந்துகொள்ளும். சாட்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை வந்ததற்கு நன்றி சொல்லுங்கள், அது எங்கே கிடந்தது என்ற கதை அதற்குச் சொந்தமானது, உங்களுக்கு அல்ல.

அப்புறம் காணிக்கை, தர்மம். எல்லோராலும் தத்தெடுக்க முடியாது, ஆகவே பிள்ளைகள் தங்கி வளரும் ஹோமுக்குக் கொடுக்கிறோம், நல்லது. டிசம்பரில் ஹோம் பிள்ளைகள் ஒரே நாளில் இரண்டு பிரியாணியும் மூன்று கேக்கும் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள், பிப்ரவரியில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வாலிபர் ஐக்கியம் நடுவில் நின்று எடுத்த படம் அன்று ராத்திரியே பேஸ்புக்கில் வந்துவிடும். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். கொடுப்பதற்கு முன்னால் அந்த ஹோம் 41-ஆம் பிரிவின்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள். பதிவு இல்லையென்றால், நடத்துகிறவர் எவ்வளவு பெரிய தேவ மனுஷனாக இருந்தாலும், கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். நான் பார்க்கிற ஹோம்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். பீடி சுற்றும் அம்மாவால் மூன்று பேருக்குச் சோறு போட முடியவில்லை, இரண்டு பேரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறாள், அவ்வளவுதான். அவள் வீட்டுக்கே மாதம் அரிசியும் ஃபீஸும் போய்ச் சேர்ந்தால் பிள்ளை அவளிடமே இருக்கும். யாக்கோபு திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் சேர்த்தேதான் எழுதியிருக்கிறார், நாம்தான் விதவையை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் எடுத்து வந்து ஹோமில் வைக்கிறோம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இப்படிப்பட்ட தாய்மாரின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும், கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000-க்கும் நகரத்தில் 96,000-க்கும் மேல் போகக் கூடாது. வருமானச் சான்று வாங்கி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ரிட்டயரான டீச்சர் ஒருவர் போதும். வெளிநாட்டுப் பணத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த கம்பாஷன் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டுப் போனபோது, பல சபைகளில் திட்டம் அப்படியே நின்றது. நம் சபை விருந்தான அசனத்துக்கு வாங்குகிற அரிசியும் ஆட்டுக்கறியும் நம் கைப்பணம்தானே, அதில் ஒரு பங்கு இதற்குத் திரும்பாதா?

18 வயது முடிந்து ஹோமை விட்டு வெளியே வருகிறவர்களையும் யாரும் நினைப்பதில்லை. பின்பராமரிப்பு உதவி 21 வரை உண்டு, ஆனால் வாடகைக்கு அறை கேட்டால் முதல் கேள்வி "அப்பா யாருப்பா?" என்பதுதான். இங்கே ஒரு சேகரத்து ஐயர் (சபைப் போதகர்) இரண்டு பையன்களுக்கு வாடகை ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், பைசா செலவில்லை, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். அவருக்கு மே மாதம் மாறுதல் வந்துவிட்டது. புது ஐயரிடம் இனிமேல்தான் போய்க் கேட்க வேண்டும், அடுத்த மாதம் ஒரு பெண் வெளியே வருகிறாள்.