மார்பகக் குறைப்பு சிகிச்சை: ‘அழகுக்காக’ என்று கிளெய்மைத் தள்ளினால்

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வருடக்கணக்கில் கழுத்துவலிக்குத் தைலம் தேய்த்தார். பிரா பட்டை அழுத்தித் தோளில் பள்ளமே விழுந்திருந்தது. கோடை வந்தால் மார்பின் அடியில் புண். கடைசியில் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். “முன்னாடியே செஞ்சிருக்கலாம்” என்றார். இந்த சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் நடத்திய ஆய்வுகளிலும் பெரும்பாலான பெண்கள் திருப்தியாகவே இருக்கிறார்கள். தழும்பு நிற்கும், காம்பில் உணர்ச்சி குறையலாம், தாய்ப்பால் கொடுப்பது பாதிக்கப்படலாம். அப்படியும் வலி குறைந்து நிம்மதியாக நடமாட முடிவதைத்தான் அவர்கள் பெரிதாகச் சொல்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும் அக்காவுக்கு ஒரே வரியில் பதில் அனுப்பியது: அழகு சிகிச்சை, பணம் கிடையாது.

மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் 08 என்ற எண்ணைத் தேடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துக் கொடுத்த வாசகம் அது. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்பது முதல் பாதி. அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் அவசிய சிகிச்சைக்கு இந்த விலக்கு பொருந்தாது என்பது மறுபாதி. அவசியம் என்று சான்று தர வேண்டியவர் சிகிச்சை தரும் டாக்டர்தான், ஏஜென்ட் அல்ல.

‘உடனடி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மறுப்பார்கள். உயிரா போகிறது என்று கேட்காத குறை. அதனால் காகிதங்களை முன்பே சேர்க்க வேண்டும்: எலும்பு டாக்டர் சீட்டு, பிசியோதெரபி பில், தோல் டாக்டர் எழுதிய மருந்து, எல்லாம் தேதியோடு. சர்ஜன் கடிதத்தில் என்ன உபாதை, எவ்வளவு நாளாக, வேறு எதைச் செய்து பார்த்தும் தீரவில்லை என்பது இருக்கட்டும். முதல் ஓ.பி. சீட்டில் யாராவது ‘காஸ்மெடிக்’ என்று கிறுக்கியிருந்தால், அது தவறு என்றால், அட்மிஷனுக்கு முன்பே திருத்தி வாங்கிவிடுங்கள். அந்த ஒரு சொல் போதும் அவர்களுக்கு.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. பாலிசி எடுத்து இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். டாக்டரிடம் பேச்சுவாக்கில் “பத்து வருஷமா வலி” என்போம், அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும். பழைய நோயை மறைத்தீர்கள் என்று கிளெய்மோடு பாலிசியையும் ரத்து செய்யப் பார்ப்பார்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. பாலிசி எடுக்கும்போதே பழைய வலியை விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். ஏஜென்ட் “அதெல்லாம் வேண்டாம் மேடம்” என்பார், கேட்காதீர்கள். 2024 விதிப்படி, இப்படி அறிவித்த நோய்க்குப் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியது அதிகபட்சம் 3 வருடம். 5 வருடம் விடாமல் புதுப்பித்திருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய மறைத்ததாகச் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

போட்டோ கேட்பார்கள். ஏஜென்டின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். முகம் தெரியாமல் மருத்துவமனையில் எடுத்து, அவர்கள் வழியாகவே போகட்டும்.

கேஷ்லெஸ், அதாவது மருத்துவமனைக்குக் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டுவதை, மறுத்துவிட்டார்கள் என்றால் கதை முடியவில்லை. பணம் கட்டி சிகிச்சை முடித்த பிறகும் கிளெய்ம் போடலாம். அதற்கான கெடு பாலிசியில் இருக்கும், தவற விடாதீர்கள். போனில் சொல்லும் ‘நோ’ கணக்கில் வராது. எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரச் சொன்னதுமே குரல் மாறுவதைக் கேட்டிருக்கிறேன்.

அப்புறம், கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவரான இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் கோர்ட்டில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள், அதனால் முதலில் இங்கே வாருங்கள்.

கிளெய்முக்கு அசல் பில்களை அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அக்கா எடுக்கவில்லை. தன் டிஸ்சார்ஜ் சம்மரிக்காகவே மருத்துவமனைக்கு மூன்று முறை அலைந்தார்.