கிளாமர்: கவர்ச்சியா, மருளா?

‘கிளாமர்’ என்ற சொல்லைத் தமிழ் இதழ்களில் கண்டால் அருகில் ஒரு நடிகையின் படத்தை எதிர்பார்க்கிறோம். அதைக் ‘கவர்ச்சி’ என்று எழுதிப் பழகியும் விட்டோம். ஆனால் பெல்ஃபாஸ்டில் 1945இல் பிறந்த பாடலாசிரியரும் பாடகருமான வான் மோரிசன், 1982இல் வெளியிட்ட ‘பியூட்டிஃபுல் விஷன்’ இசைத்தொகுப்பில் ‘ட்வெல்லர் ஆன் த த்ரெஷோல்டு’ என்றொரு பாடல் இருக்கிறது. வாயிற்படியில் காத்து நிற்கும் ஒருவன், தான் யாரென்று அறியும்பொருட்டு, கிளாமரின் உலகை ஊடுருவிச் செல்ல விடுமாறு அதில் வேண்டுகிறான். அதைக் ‘கவர்ச்சி உலகம்’ என்று பெயர்த்தால், திரைத்துறையில் மனம் கசந்தவனின் புலம்பலாகப் பாட்டே திரிந்துபோகும்.

இந்தச் சொல் பாடலுக்குள் வந்த வழியைப் பார்த்தால்தான் பொருள் தெளிவாகும். மான்செஸ்டரில் 1880இல் பிறந்து, பிரம்மஞான சபையில் இருந்து பின்னர் விலகித் தனிவழி கண்டவர் ஆலிஸ் பெய்லி. திபெத்திய குரு ஒருவர் தம் உள்ளத்தில் உணர்த்தியவற்றையே எழுதியதாகச் சொன்ன இவருடைய மறைஞான நூல்களுள் ஒன்று, அவர் மறைந்த மறு ஆண்டான 1950இல் வெளிவந்த ‘கிளாமர்: எ வேர்ல்ட் பிராப்ளம்’. மோரிசனின் மேற்சொன்ன பாடலும், அதே தொகுப்பிலுள்ள ‘ஆரியன் மிஸ்ட்’ பாடலும் இந்நூலின் தூண்டுதலால் பிறந்தவை. மனிதனின் மயக்கத்தைப் பெய்லி அடுக்கடுக்காகப் பிரிக்கிறார்: அறிவின் தளத்தில் நேரும் பிழையுணர்வை ‘இல்யூஷன்’ என்றும், ஆசையும் அச்சமும் உணர்ச்சித் தளத்தில் எழுப்பும் மயக்கத்தைக் ‘கிளாமர்’ என்றும், அதற்கும் கீழே உயிராற்றலின் தளத்தில் செயற்படுவதை ‘மாயா’ என்றும் அழைக்கிறார். கிளாமரை அவர் மூடுபனிக்கு ஒப்பிடுவதை நினைவில் வைத்தால், பனி என்று பொருள்படும் ‘மிஸ்ட்’ இரண்டாம் பாடலின் தலைப்பில் வந்ததற்குக் காரணம் புரியும்.

பெய்லி இந்தப் பொருளைப் புதிதாகப் புனையவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்து வழக்கில் ‘கிளாமர்’ என்றால், பார்ப்பவர் கண்ணில் இல்லாததை இருப்பதாகக் காட்டும் மந்திரம். நம் வழக்கில் கண்கட்டு. அது இலக்கணத்தைக் குறிக்கும் ‘கிராமர்’ என்ற சொல்லின் திரிபு. எழுத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இரண்டுக்கும் வேர். எழுத்தறிவு சிலருக்கே வாய்த்த காலத்தில், கற்றவனிடம் மந்திரமும் இருக்கும் என்று மற்றவர் நம்பினர். ஐந்தெழுத்தை ஓதும் மரபில் வந்த நமக்கு, எழுத்தும் மந்திரமும் ஒரே வேரில் கிளைப்பது வியப்பாக இராது. வால்ட்டர் ஸ்காட்டின் எழுத்துகளால் ஆங்கில இலக்கியத்தில் பரவிய பிறகே இச்சொல் மெல்ல மெல்ல அழகையும் பகட்டையும் குறிக்கலாயிற்று.

தமிழில் ‘மாயை’ என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். பெய்லியே அச்சொல்லை வேறொரு தளத்துக்கு ஒதுக்கிவிட்டதால் அது குழப்பத்தையே தரும். ‘மயக்கம்’ தவறன்று, எனினும் தலைச்சுற்றல் முதல் காதல் வரை எல்லாவற்றுக்கும் அது வழங்குகிறது. நான் பரிந்துரைப்பது ‘மருள்’. கவர்ச்சி என்பது பொருள் நம்மைக் கவர்ந்து இழுப்பது. மருள் பார்ப்பவனிடத்தில் நிகழ்வது. மருண்ட மான்விழி என்கிறோமே, அங்கே கலக்கம் விழியில்தான் இருக்கிறது, காட்டில் இல்லை. ‘பொருளல்லவற்றைப் பொருளென்று உணரும் மருள்’ என்று வள்ளுவர் மெய்யுணர்தல் அதிகாரத்தின் முதற்குறளிலேயே (351) இதற்கு இலக்கணம் வகுத்துவிட்டார். திருநாவுக்கரசருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மருள்நீக்கியார் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். கிளாமரை நீக்குவதைப் பற்றிப் பெய்லி ஒரு நூலே எழுத, தமிழில் அது ஆட்பெயராகவே வழங்கியிருக்கிறது.

ஆகவே மோரிசனின் பாடலில் அந்த இடத்தை ‘மருளுலகை ஊடுருவ விடு’ என்று பெயர்ப்பேன். தொகுப்பின் தலைப்பைப் பெயர்க்கும்போது மட்டும் கை சற்றுத் தயங்குகிறது. அடுத்த குறள் ‘மருள்நீங்கி மாசறு காட்சி யவர்க்கு’ என்று முடிவதால், ‘மாசறு காட்சி’ என்றே வைத்துவிட ஆசை எழுகிறது. ஆனால் மோரிசன் சொன்னது அழகு, மாசின்மை அன்று. ‘அழகிய காட்சி’ என்பதே நேர்மையான பெயர்ப்பு.