பால்கனிக்கு கம்பியை அடியில போடாதீங்க, டென்ஷன் மேல இருக்கு

இந்த மாசமும் ஒருத்தர் போட்டோ அனுப்பியிருக்காரு. மாடி பால்கனி, செவுத்தை ஒட்டி மேல்பக்கமா இந்த முனையிலருந்து அந்த முனை வரைக்கும் நூல் பிடிச்ச மாதிரி வெடிப்பு, கூடவே ஒரு கேள்வி, "சார் புட்டி அடிச்சா போதுமா?" போதாது. பூந்தொட்டி, வாஷிங் மெஷின் எல்லாத்தையும் இறக்குங்க, மேலயும் யாரும் நிக்க வேணாம் கீழயும் யாரும் உக்கார வேணாம், முதல்ல முட்டு கொடுங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்னு சொன்னேன். அவருக்குக் கோபம். "எல்லாம் நல்ல கம்பி சார், ட்ராயிங்ல இருந்ததை விட எக்ஸ்ட்ராவே போட்டோம்." எங்க போட்டீங்க? "அடியிலதான், வெயிட்டைத் தாங்கணும்ல."

இந்த 'தாங்கணும்ல' தான் என் உயிரை வாங்குது. கம்பி ஒண்ணும் வெயிட்டுக்குக் கீழ கைகொடுத்துத் தாங்குற பலகை கிடையாதுங்க. கான்கிரீட்டை அமுக்குனா நல்லா தாங்கும், இழுத்தா பத்துல ஒரு பங்கு கூட சரியா தாங்காம வெடிச்சிரும். அந்த இழுப்புக்குப் பேர்தான் டென்ஷன், ஸ்கூல்ல இழுவிசைன்னு படிச்சோமே அதேதான். அதை வாங்கிக்கத்தான் கம்பி போடுறோம், அப்ப இழுப்பு எந்தப் பக்கமோ கம்பியும் அந்தப் பக்கம். ரூம் சிலாபுக்கு ரெண்டு பக்கமும் செவுரு இருக்கு, நடுவுல தொய்யும், அடிப்பக்கம் விரியும், அதனால அடியில கம்பி, சரி. பால்கனி, சன்ஷேட் எல்லாம் ஒரு பக்கம்தான் பிடிமானம், மறுமுனை அந்தரத்துல. வெயிட் கீழ அழுத்தும்போது மேல்பக்கம்தான் விரியும். நம்பிக்கை இல்லன்னா பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்சு மேல பேனாவுல குறுக்க நாலு கோடு போட்டு, ஒரு முனையை மேஜையோட அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மறுமுனையை கீழ வளைங்க. மேல இருக்கற கோடெல்லாம் ஒண்ணுக்கொண்ணு விலகும். கம்பி போக வேண்டிய இடம் அதுதான். அடியில எட்டு எம்எம்முக்குப் பதிலா பன்னெண்டு போட்டாலும் இருபது போட்டாலும் இழுப்பு இல்லாத இடத்துல அது சும்மா தூங்கும்.

(ட்ராயிங்ல பத்து எம்எம் கம்பிக்கு டி10னு இருந்தா அந்த டி கம்பி ரகத்துக்கு. அது டாப்பும் இல்ல டென்ஷனும் இல்ல, இதுக்கே ஒரு சைட்ல பஞ்சாயத்து பண்ணியிருக்கேன்.)

இன்னொரு கூத்து, கம்பி கட்டுறவர் கரெக்டா மேலதான் கட்டியிருப்பாரு, கான்கிரீட் போடுற அன்னைக்கு சட்டியோட எல்லாரும் அது மேலயே நடந்து மிதிச்சு கீழ இறக்கிடுவாங்க. அஞ்சு இஞ்ச் சிலாபுல மேல்கம்பி ஒண்ணரை இஞ்ச் இறங்கினா பலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சு. கம்பியை வளைச்சு நாற்காலி மாதிரி 'சேர்' செஞ்சு மேல்கம்பிக்குக் கீழ வைங்க, நடக்க பலகை போடுங்க, சேருக்கு ஆகுற செலவைப் பத்தி தயவுசெஞ்சு என்கிட்ட பேசாதீங்க. பத்தடிக்கு நாலடி பால்கனி, அஞ்சு இஞ்ச் கனம்னா ஆளே ஏறாம அதோட சொந்த எடை மட்டும் ஒரு டன்னைத் தாண்டும்.

அந்தக் கம்பி செவுரு வரைக்கும் வந்து நின்னுடக் கூடாது, பிடுங்கிட்டு வந்துரும். வெளிய நாலடின்னா உள்ள ரூம் சிலாபுக்குள்ள ஆறடியாவது போகணும், அதுவும் மேலாப்புலயே. பின்பக்கம் சிலாபே இல்லாத சன்ஷேட்டுன்னா லிண்டலுக்குள்ள, அதாவது ஜன்னலுக்கு மேல போற கான்கிரீட் பீமுக்குள்ள, நல்லா இறங்கணும், மேல செவுரு ஏறுறதுக்கு முன்னாடி முட்டுல கையே வைக்கக் கூடாது. சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகுற வரைக்கும் அடியில தாங்குற பலகையும் முட்டும்) வாடகை ஏறுதுன்னு ஏழாவது நாளே பிரிக்கிறது ரூம் சிலாபுக்கான கணக்கு, அதை இங்க கொண்டு வராதீங்க. பிரிக்கும்போதும் வெளிமுனை முட்டுலருந்து ஆரம்பிச்சு செவுத்தைப் பார்த்து வாங்க. செவுத்துப் பக்கத்தை முதல்ல எடுத்தா முனை முட்டு மேல உக்காந்துக்கிட்டு சிலாபு நடுவுல தொய்யும், அடியில இழுப்பு, அங்க நாம கம்பியே வைக்கலயே.

பெரிய ஆளுங்களும் இதுல தப்பல. அமெரிக்காவுல ஃபிராங்க் லாயிட் ரைட் அருவி மேல கட்டின ஃபாலிங்வாட்டர் வீட்டு டெரஸ், சென்ட்ரிங் எடுத்தப்பவே இறங்கி, அப்புறமும் வருஷக்கணக்கா இறங்கி, 2002ல கேபிள் கொடுத்து இழுத்துக் கட்ட வேண்டியதாப் போச்சு.

கட்டி முடிச்ச வீட்டுல கம்பி எங்க இருக்குன்னு உடைக்காமலே பார்க்க மெஷின் இருக்கு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டா கொண்டு வருவாரு. செவுத்தை ஒட்டி மேல்பக்க வெடிப்போ, நுனி இறங்கி தண்ணி வெளிப்பக்கமா ஓடுறதோ தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க. டைல்ஸ் ஒட்டி மறைச்சுட்டு அப்புறம் கூப்பிடாதீங்க, அந்த டைல்ஸோட வெயிட்டும் அதே கம்பி மேலதான்.