விட்னி ஹூஸ்டனுக்கு அரைக்கம்பக் கொடி: அதன் பிறகு நியூ ஜெர்சி செய்ததும் செய்யத் தயங்கியதும்

2012 பிப்ரவரி 11 அன்று பாடகி விட்னி ஹூஸ்டன் கலிஃபோர்னியாவில் பெவர்லி ஹில்டன் ஓட்டல் அறையின் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தார். அவர் நியூ ஜெர்சியின் நெவார்க்கில் பிறந்தவர். அங்குள்ள தேவாலயத்தில் 18ஆம் தேதி இறுதிச் சடங்கு நடந்தபோது, மாநில அரசுக் கட்டடங்களில் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிடும்படி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி உத்தரவிட்டார். அமெரிக்காவில் ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர். நம் ஊர் முதல்வரின் இடம் அது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. போதைப் பழக்கத்தோடு போராடிய ஒருவருக்கு, ராணுவ வீரருக்குச் செய்யும் மரியாதையா என்று கேட்டார்கள். போதைப் பழக்கம் இருந்தது என்பதற்காக அவர் வாழ்க்கையில் செய்த நல்லதெல்லாம் இல்லாமல் போய்விடும் என்பதை ஏற்க மாட்டேன் என்று கிறிஸ்டி பதில் சொன்னார். இறப்பின் காரணம் அப்போது இன்னும் தெரியவில்லை.

கொடியைப் பற்றிய சண்டையில் இதை யாரும் கவனிக்கவில்லை. மருந்தும் நஞ்சும் சார்ந்த வேலையில் இருப்பவர்களுக்கு அதுதான் முக்கியம். அந்த ஒரு வாரத்தில் தொலைக்காட்சி விவாதங்கள் மருந்துச் சீட்டு மாத்திரைகளைக் குற்றவாளி ஆக்கிவிட்டன. லாஸ் ஏஞ்சலிஸ் பிரேதப் பரிசோதனை அலுவலகம் முடிவைச் சொன்னது மார்ச் 22 அன்று, அதாவது 40 நாள் கழித்து. நீரில் மூழ்கியது காரணம். இதய ரத்தக் குழாய் அடைப்பு நோயும் கோகெயினும் அதற்குத் துணை போனவை. பதற்றத்துக்குப் போடும் அல்பிரசோலம், தசையைத் தளர்த்தும் சைக்ளோபென்சாப்ரின், அலர்ஜிக்குப் போடும் டைஃபென்ஹைட்ரமின், கஞ்சா ஆகியவையும் உடலில் இருந்தன. ஆனால் அவை மரணத்துக்குக் காரணமில்லை என்று அறிக்கை சொன்னது.

இவ்வளவு நாள் ஏன் ஆகிறது என்று கேட்பார்கள். முதல் சுற்றுச் சோதனை ஒரு சல்லடை மட்டுமே. மருந்துக் குடும்பம் எது என்று காட்டும், எந்த மருந்து, எவ்வளவு என்று காட்டாது. மார்ஃபினுக்கான வழக்கமான சல்லடையில், அதே வகை வலி நிவாரணியான ஃபென்டனில் சிக்காது. அதே வகையைச் சேர்ந்த ஆக்சிகோடோனும் பல சமயம் நழுவிவிடும். அதற்குப் பிறகு நிறை நிறமாலைக் கருவியில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக உறுதிப்படுத்தி அளக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. இறந்த பிறகு சில மருந்துகள் கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகளிலிருந்து ரத்தத்துக்குக் கசிகின்றன. இதயத்திலிருந்து எடுத்த ரத்தத்தில் அளவு பொய்யாகக் கூடித் தெரியும் என்பதால் தொடை நாளத்தின் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. கடைசியாக, அந்த ஆளுக்கு அந்த மருந்து எவ்வளவு பழகியிருந்தது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஒருவரைக் கொல்லும் அளவு இன்னொருவரின் தினசரி வேளையாக இருக்கலாம்.

ஆகவே, இறந்த மறுநாள் ஒரு தலைவர் துக்கம் சொல்லலாம். காரணம் சொன்னால் அது ஊகம்.

பாடகர் பிரின்ஸின் மரணத்திலும் இதுவே நடந்தது. 2016 ஏப்ரல் 21 அன்று மினசோட்டாவில் தன் பெய்ஸ்லி பார்க் வளாகத்தில் அவர் இறந்தார். அதிபர் ஒபாமா இரங்கல் வெளியிட்டார். வலி மாத்திரைப் பழக்கம் என்ற செய்தி கசிந்ததும், மருத்துவர்கள் தாராளமாக எழுதித் தரும் மாத்திரைகளைப் பற்றிப் பேச்சு திரும்பியது. ஜூன் 2 அன்று வந்த அறிக்கை ஃபென்டனில் என்றது. அவருக்கு யாரும் ஃபென்டனில் எழுதித் தந்ததாகப் பதிவு இல்லை. ஹைட்ரோகோடோன் என்ற வலி மாத்திரை போலவே அச்சடித்த போலிகளை அவர் விழுங்கியிருந்தார். அவற்றுக்குள் இருந்தது ஃபென்டனில். அது தெரிந்தே விழுங்கினார் என்பதற்குச் சான்று இல்லை என்று 2018 ஏப்ரலில் அரசு வழக்கறிஞர் அறிவித்தார். எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாததால் யார் மீதும் குற்ற வழக்கு பதிவாகவில்லை. ஃபென்டனில் மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது. மருத்துவமனையில் அதை மைக்ரோகிராமில் அளக்கிறார்கள். திருட்டுப் பட்டறையில் மாவோடு கலக்கும்போது ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் அளவு ஒன்றாக இருக்காது.

மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளே கொன்றதற்குத் தெளிவான சான்று வேண்டுமென்றால் நடிகர் ஹீத் லெட்ஜர். 2008 ஜனவரி 22 அன்று நியூயார்க்கில் இறந்தார். அறிக்கையில் ஆறு பெயர்கள்: ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன், டயசெபாம், டெமசெபாம், அல்பிரசோலம், டாக்ஸிலமின். வலிக்கு இரண்டு, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் மூன்று, சளிக்கும் தூக்கத்துக்கும் கடையிலேயே கிடைப்பது ஒன்று. அவை ஒன்றுசேர்ந்த விளைவே மரணம், அது விபத்து என்று முடிவானது.

ஏன் சேர்ந்து கொல்கின்றன என்பதை எந்த இரங்கல் அறிக்கையும் விளக்கியதில்லை, விளக்கியிருந்தால் எத்தனையோ வீடுகளுக்குப் பயன்பட்டிருக்கும். ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது மூளைத் தண்டு அதை உணர்ந்து மூச்சை ஆழமாக்கும். ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை வலி நிவாரணிகள் அந்த உணர்வை மழுங்கடிக்கின்றன. அல்பிரசோலம், டயசெபாம் போன்ற பென்சோடயசெபைன்கள் வேறொரு வாசல் வழியாக மூளையைத் தணித்து, தொண்டைத் தசையைத் தளரவிட்டு, மூச்சு முட்டினால் விழித்துக்கொள்ளும் அனிச்சையையும் குறைக்கின்றன. மது இரண்டையும் கூட்டுகிறது. மூச்சு குறைகிறது, குறைந்தது உறைக்கவில்லை, எழுப்ப வேண்டிய மணியும் அடிக்கவில்லை. பெரும்பாலும் இது தூக்கத்தில் நடப்பதால் பக்கத்து அறையில் இருப்பவர்கள் அயர்ந்த குறட்டை என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த இரு வகைகளையும் சேர்த்துக் கொடுப்பதற்கு எதிராக, மருந்தின் விவரக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை போட வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016 ஆகஸ்ட் 31 அன்றுதான் அறிவித்தது. லெட்ஜர் இறந்து எட்டு ஆண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.

மீண்டும் கிறிஸ்டிக்கு வருவோம். ஒரு தலைவரின் இரங்கலை எதை வைத்து எடைபோடுவது என்பதற்கு அவருடைய அடுத்த ஐந்தாண்டு நல்ல பாடம்.

கொடியை இறக்கிய அதே 2012இல், அக்டோபரில், ஒரு மசோதா மீது அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. யாராவது போதை மிகுந்து மயங்கிக் கிடக்கும்போது அவசர உதவி எண்ணான 911ஐ அழைப்பவர் மீதும், மயங்கியவர் மீதும் போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்குப் போடக் கூடாது என்பது அதன் சாரம். கூட இருப்பவர்கள் அழைக்கத் தயங்குவது பெரும்பாலும் போலீஸ் பயத்தால்தான். மூச்சு நின்ற மூளைக்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள். கிறிஸ்டி அதில் கையெழுத்திடவில்லை. முதலில் ஆய்வு செய்ய வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். அது தவறான முடிவு. விட்னி ஹூஸ்டனை மதிப்புக் குறைவாகப் பேசியவர்களுக்கு அவர் சொன்ன பதில், பெயர் தெரியாத ஒரு நெவார்க் இளைஞனுக்கும் பொருந்தியிருக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் விடவில்லை. 2013 மே 2 அன்று, அந்தப் பாதுகாப்பையும், ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்சோன் மருந்தை வைத்திருக்கவும் கொடுக்கவும் அனுமதியையும் சேர்த்த சட்டத்தில் கிறிஸ்டி கையெழுத்திட்டார். அந்த நிகழ்ச்சியில் நியூ ஜெர்சிக்காரரான பாடகர் ஜான் பான் ஜோவியும் இருந்தார். கொடியைவிடப் பல மடங்கு உயிர் காக்கக்கூடிய வேலை அந்தக் கையெழுத்து. செய்தியில் அதற்குக் கிடைத்த இடமோ சின்னது.

2017 பிப்ரவரி 15 அன்று அடுத்த சட்டம். பல் பிடுங்குதல், எலும்பு முறிவு போன்ற புதிய வலிக்கு முதல் சீட்டில் ஐந்து நாளுக்கு மேல் ஓபியாய்டு எழுதக் கூடாது. அதுவும் உடனே வேலை செய்யும் வகையில், வலியைத் தணிக்கும் குறைந்தபட்ச அளவில். புற்றுநோய் வலிக்கும் இறுதிக்கால நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. சட்டத்தின் வரம்புக்குள் வரும் காப்பீடுகள் போதை மீட்புச் சிகிச்சைக்கு 180 நாள் வரை பணம் தர வேண்டும். ஐந்து என்ற எண் அந்தரத்தில் பிறந்ததல்ல. கடும் வலிக்கு மூன்று நாள் பெரும்பாலும் போதும், ஏழு நாளுக்கு மேல் அரிதாகவே தேவைப்படும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016 மார்ச்சில் சொல்லியிருந்தது. முதல் சீட்டின் நாள்கள் ஐந்தைத் தாண்டும்போது, ஓராண்டு கழித்தும் அதே மாத்திரையில் இருப்பவர்களின் விகிதம் எகிறுவதைப் பிறகு வந்த அதன் தரவுகளும் காட்டின.

அதே ஆண்டு அதிபர் டிரம்ப் அமைத்த போதை ஒழிப்பு ஆணையத்துக்குக் கிறிஸ்டி தலைவரானார். தேசிய நெருக்கடி என்று அறிவிக்கும்படி ஜூலை 31 அன்று இடைக்கால அறிக்கை கேட்டது. அக்டோபர் 26 அன்று வந்தது பொதுச் சுகாதார நெருக்கடி என்ற அறிவிப்பு. இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும், ஆனால் பின்னால் நிற்கும் பணம் வேறு. பொதுச் சுகாதார நெருக்கடி நிதியில் அப்போது இருந்தது சுமார் 57,000 டாலர். 2016இல் மட்டும் 63,000க்கும் மேற்பட்டோர் போதை மிகுந்து இறந்திருந்த நாட்டில், அது ஆளுக்கு ஒரு டாலர்கூட இல்லை. எந்தத் தலைவர் எந்த அறிவிப்பு செய்தாலும் நிதி எங்கே, எவ்வளவு என்று அடுத்த வரியில் தேடுங்கள்.

சட்டம் வந்தாலே சாவு குறைந்துவிடுமா? இல்லை, இதையும் நேராகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே அடிமையானவருக்குச் சீட்டை மட்டும் நிறுத்தினால் அவர் தெருவுக்குப் போகிறார். நசுக்க முடியாதபடி, ஆக்சிகோடோன் அடங்கிய ஆக்சிகான்டின் மாத்திரையை 2010இல் மாற்றியபோது பலர் ஹெராயினுக்கு மாறினார்கள். பிறகு அதன் இடத்தையும் ஃபென்டனில் பிடித்தது. 2021இல் சாவு 1,06,000ஐத் தாண்டியது. இன்னொரு பக்கம், பல வருடம் ஓபியாய்டில் இருந்த வலி நோயாளிகளுக்குச் சில மருத்துவர்கள் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தினார்கள். தாங்க முடியாத வலி, நடுக்கம், தற்கொலை எண்ணம் என்று பாதிப்புகள் வந்ததால் 2019 ஏப்ரலில் உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்தது. 2022 நவம்பரில் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல் தளர்த்தப்பட்டது. பியூப்ரெனார்ஃபின் போன்ற மாற்றுச் சிகிச்சை கையெட்டும் தூரத்தில் இல்லாமல் சீட்டை மட்டும் குறைப்பது அரைகுறை வைத்தியம். அந்த மருந்தை எழுத மருத்துவருக்குத் தனி அனுமதி வேண்டும் என்ற விதி 2022 டிசம்பர் இறுதியில்தான் நீங்கியது.

நியூ ஜெர்சியில் எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கென்று ஓர் ஆபத்து தனியாக இருக்கிறது. ஊரிலிருந்து வரும் அம்மா அப்பா பையில், தூக்கத்துக்கென்று வருடக்கணக்காகப் போடும் அல்பிரசோலம் அட்டை இருக்கும். இங்கே மூட்டு அறுவையோ பல் வைத்தியமோ நடந்து ஆக்சிகோடோன் எழுதும்போது, மருத்துவரின் கணினியில் தெரிவது அமெரிக்க மருந்துக் கடைகளில் வாங்கியது மட்டுமே. சென்னையில் வாங்கிய அட்டை எந்தப் பதிவேட்டிலும் வராது. “வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால், “அது சும்மா தூக்கத்துக்கு” என்று பெரியவர்கள் சொல்லாமல் விடுவார்கள். அட்டையையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதே சமயம், பல மாதமாகப் போடும் அல்பிரசோலத்தை நீங்களாகத் திடீரென நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். எதைக் குறைப்பது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வீட்டில் ஓபியாய்டு இருந்தால் நலோக்சோன் மூக்குத் தெளிப்பானும் இருக்கட்டும். 2023 முதல் அமெரிக்காவில் 4 மில்லிகிராம் தெளிப்பான் சீட்டில்லாமல் கிடைக்கிறது; ஒரு பெட்டியில் இரண்டு. ஆள் எழவில்லை, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது, உதடு நீலம், மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் கீழே அல்லது தொண்டையில் களகளவென்ற சத்தம் என்றால், நெஞ்செலும்பை முஷ்டியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அசைவில்லையா, 911ஐ அழைத்துவிட்டு ஒரு மூக்குத் துவாரத்தில் முழுதாக அழுத்துங்கள். தலையைப் பின்னே சாய்த்து, ஐந்து விநாடிக்கு ஒரு முறை வாய்வழி மூச்சு கொடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் இரண்டாவது தெளிப்பானை மற்றத் துவாரத்தில் அடியுங்கள். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அல்பிரசோலத்தை நலோக்சோன் முறிக்காது. ஆனாலும் கூட ஓபியாய்டு இருக்கக்கூடும் என்பதால் கொடுப்பதில் கெடுதல் இல்லை.

எழுந்து உட்கார்ந்து “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நலோக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், உள்ளே போன மருந்து அதைவிட நீண்ட நேரம் நிற்கலாம். தெளிப்பான் வேலை முடிந்ததும் மூச்சு மீண்டும் அடங்கலாம். அன்றைய கண்டம் தாண்டியபின் அடுத்த சில நாள்களும் ஆபத்துதான். பிரின்ஸ் 2016 ஏப்ரல் 15 அன்று விமானத்தில் மயங்கி, இல்லினாயின் மோலினில் அவசரமாகத் தரையிறக்கப்பட்டு நலோக்சோனால் பிழைத்தார். ஆறு நாளில் இறந்தார். அப்படிப் பிழைத்தவரை வீட்டுக்கு அழைத்து வரும்போதே பியூப்ரெனார்ஃபின் சிகிச்சை தொடங்க முடியுமா என்று அவசரப் பிரிவு மருத்துவரிடம் கேளுங்கள். அன்றே தொடங்கலாம்.