கிணற்றில் இல்லாத சங்கிலி

சென்ற கிழமை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். வீட்டில் தண்ணீர் மோட்டார் களவு போய்விட்டது. அயல் வீட்டு இளைஞன் மீது சந்தேகம். "தம்பி, பொலிஸில் உமக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். இரண்டு தட்டுத் தட்டச் சொல்லும், உண்மை வந்துவிடும்" என்றார். அவருடைய சொந்த மருமகன் கொழும்பில் பொலிஸ் விசாரணை நடக்கும் நாலாம் மாடியில் பட்டதையெல்லாம் சத்தியக் கடதாசியில் எழுதியவன் நான். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவரிடம் சொல்லாமல் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

அடித்தால் உண்மை வரும் என்பதைப் போல எங்கள் ஊரில் பிடிவாதமாக நிற்கும் பொய் வேறில்லை. அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவார் என்று பழமொழி வேறு. வலிகாமத்தில் மூன்று பவுண் சங்கிலிக் களவென்று பிடிபட்ட ஓர் இளைஞன், உள்ளங்காலில் விழுந்த எஸ்லோன் குழாய் அடி தாங்காமல், தோட்டக் கிணற்றில் போட்டேன் என்றான். பம்ப் வைத்து ஒரு நாள் முழுக்க இறைத்தார்கள். சேறும் பழைய வாளியொன்றும் வந்தன. குழாயால் இன்னும் நான்கு அடி விழுந்தது. வேறொரு கிணற்றைக் காட்டினான். கேட்டிருந்தால் ஊர்க் கிணறு அத்தனையையும் காட்டியிருப்பான். சங்கிலி பிறகு முறைப்பாட்டுக்காரரின் அலுமாரியில், கூறைச் சேலை மடிப்புக்குள் கிடந்தது.

ஏன் பொருளைத் தேடி இந்த ஓட்டம்? பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாதாரண வழக்கில் செல்லாது. சான்றுக் கட்டளைச் சட்டம், 25 ஆம் பிரிவு. ஆனால் அவன் சொல்லி ஒரு பொருள் அகப்பட்டால் அந்தளவுக்கு 27 ஆம் பிரிவு இடம் தருகிறது. அடி அந்த வாசலால்தான் நுழைகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்திலோ சுவரே கிடையாது: உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பதிந்த ஒப்புதலே சான்று, அடித்துப் பெற்றது என்று நிரூபிக்க வேண்டியவர் அடிபட்டவர்.

"களவுக்கு வேண்டாம், குண்டு வைத்தவனுக்கு?" என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். இபின் அல்-ஷேக் அல்-லிபி என்ற அல்-கைதா சந்தேகநபர் எகிப்தில் சித்திரவதைப்பட்டு, அல்-கைதாவுக்கு ஈராக் இரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்றார். 2003 பெப்ரவரியில் அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளர் கொலின் பவல் அதை ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ஆதாரமாக வைத்தார்; அடுத்த மாதம் ஈராக்கில் போர். 2004 இல் அல்-லிபி தான் சொன்னதை மறுத்தார். அதுவும் கிணறு இறைத்த கதைதான், செலவு மட்டும் ஒரு நாடு.

சித்திரவதையைத் தடை செய்யும் இலங்கை அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையில் விதிவிலக்கே இல்லை. 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்குக் குறைந்தது 7 வருடச் சிறை.

பிள்ளை அடிபட்டு வந்தால், தயவுசெய்து, நொச்சி இலை ஒத்தடத்தைப் பிறகு பார்க்கலாம். அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். வெட்கப்பட்டு "விழுந்துவிட்டான்" என்று சொல்லாதீர்கள். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் அதுதான் ஏறும். நீதவான் முன் நிற்கும்போது வாய் திறக்கச் சொல்லுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான். முடியாவிட்டால் அதற்குள் யாழ்ப்பாணத்திலேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது.

அந்தச் சங்கிலி வழக்கு இளைஞனின் தாய் அவனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தது அடி விழுந்த 41 ஆம் நாள். "இரண்டு கிழமை தகப்பனின் செருப்பைத்தான் போட்டுத் திரிந்தான் ஐயா, தன் செருப்புக்குள் கால் நுழையவில்லை" என்றார். காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். உள்ளங்காலில் ஒன்றும் இல்லை.