வரிக்குதிரை: குதிரையா, கழுதையா?

ஜீப்ரா என்ற பெயர் ஆப்பிரிக்காவில் பிறந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால், அது ஐரோப்பியப் பெயர். ஸ்பெயின், போர்ச்சுக்கல் காடுகளில் ஒரு காலத்தில் 'செப்ரோ' என்ற காட்டு விலங்கு திரிந்தது. அது காட்டுக்குதிரை என்பாரும் உண்டு, காட்டுக்கழுதை என்பாரும் உண்டு. காட்டுக்குதிரையைக் குறித்த 'ஈக்குவிஃபெரஸ்' என்ற லத்தீன் சொல்லே செப்ரோ என்று தேய்ந்தது என்பதைச் சொல்லாய்வாளர் பலரும் ஏற்கிறார்கள். ஆப்பிரிக்கா போன போர்ச்சுக்கீசிய மாலுமிகள் அங்கே கோடு போட்ட விலங்கைக் கண்டதும், ஊரில் பழகிய பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அப்புறம் ஊர் செப்ரோ அழிந்தது, பெயர் மட்டும் ஆப்பிரிக்க விலங்கிடம் தங்கிவிட்டது.

மற்ற மொழிகள் இதை எப்படிப் பார்த்தன? சுவாஹிலியில் 'புண்டா மிலியா', அதாவது கோடு போட்ட கழுதை. பாரசீகத்தில் 'கோர்கர்', அதுவும் காட்டுக்கழுதைக்கான சொல்தான். 1621இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரிடம் ஒரு வரிக்குதிரை வந்து சேர்ந்தது. யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள் என்று அரண்மனையில் சந்தேகப்பட்டு, நன்றாகச் சோதித்த பிறகே நம்பினார்கள். ஓவியர் மன்சூர் அதை வரைந்த படம் இன்றும் இருக்கிறது.

தமிழிலோ அது குதிரை. பண்டைய கிரேக்கரும் ரோமரும் அப்படித்தான் நினைத்தார்கள். 'ஹிப்போடிக்ரிஸ்', குதிரைப்புலி என்றார்கள்.

சரி, இதில் யார் சொன்னது சரி? மரபணு கழுதைப் பக்கம்தான் நிற்கிறது. குதிரை, கழுதை, வரிக்குதிரை மூன்றும் ஒரே பேரினம். அதில் குதிரையின் கிளை சுமார் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. கழுதையும் வரிக்குதிரையும் அதன்பின்தான் தங்களுக்குள் பிரிந்தன. வாலைப் பார்த்தாலே தெரியும்: குதிரைக்கு அடியிலிருந்தே நீள மயிர் தொங்கும், வரிக்குதிரைக்குக் கழுதையைப் போல நுனியில்தான் குஞ்சம். பிடரி மயிரும் விறைத்து நிற்கும், நெற்றியில் விழாது.

இப்போது எஞ்சியிருப்பவை மூன்று இனங்கள்: சமவெளி வரிக்குதிரை, மலை வரிக்குதிரை, கிரேவி வரிக்குதிரை. முதல் இரண்டும் ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் என்று குடும்பமாக வாழும். கிரேவி வேறு மாதிரி. அதன் ஆண் தனக்கென ஒரு நிலப்பரப்பைப் பிடித்துக்கொண்டு காக்கும். பெண்கள் வந்து போகும். ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதையின் வழக்கமும் இதுவே. குரலும் கழுதையின் கத்தலுக்கு நெருக்கம். சமவெளி இனத்தில் 'குவாகா' என்ற உள்ளினம் இருந்தது. அது எழுப்பும் ஒலியைக் கேட்டுத் தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் மக்கள் வைத்த பெயர். கடைசிக் குவாகா 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சியகத்தில் இறந்தது. ஓர் இனத்தின் குரல் அதன் பெயரில் மட்டும் மிஞ்சியிருப்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அப்படியானால் 'வரிக்கழுதை' என்று மாற்றிவிடலாமா? வேண்டாம் என்பேன். நீர்யானை யானை இல்லை, முள்ளம்பன்றி பன்றி இல்லை, மரநாய் நாயும் இல்லை. தோற்றத்தைப் பிடித்துப் பெயர் வைப்பது நம் மொழியின் வழக்கம், பார்த்தவுடன் அடையாளம் தெரிய அதுவே போதும். மேலும் இந்தப் பெயரின் உயிர் முன்பாதியில் இருக்கிறது. வரி என்றால் கோடு. வரிப்புலி என்கிறோம், சங்கப் பாடல்களில் வரி அணில் ஓடுகிறது. கடிக்கும் ஈக்களால் நோய் பரவும் நிலத்தில் அந்த வரிகள்தான் இவ்விலங்குக்குக் காப்பு: கடிக்கும் ஈக்கள் வரியுள்ள உடம்பில் சரியாக இறங்க முடியாமல் தடுமாறுகின்றன என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

எழுதும்போது 'வரிகுதிரை' என்று எழுதாதீர்கள். வரியை உடைய குதிரை என்று விரியும் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை இது, ஆகவே க் மிகும்.

சாலையில் போடும் ஜீப்ரா கிராசிங்குக்கு மட்டும் வரிக்குதிரையை இழுக்கத் தேவையில்லை. இலங்கைத் தமிழர் அதைப் பாதசாரிக் கடவை என்கிறார்கள், மஞ்சள் கோடு போட்டிருந்ததால் மஞ்சள் கடவை என்றும் சொல்வார்கள். கடவை நல்ல சொல், நாமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.