எஃபரன்ஸ் கொப்பி எண்டா என்ன? தமிழ்ல எப்பிடிச் சொல்லலாம்?

முதல்ல ஒண்டு செய்து பாருங்கோ. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணின்ர வெளி மூலையில, இமைக்கு மேலால விரலால லேசா அமத்துங்கோ (லேசா எண்டா லேசாத்தான், பிறகு என்னைப் பேசாதேங்கோ). முன்னால உள்ள சுவர், பேன், கலண்டர் எல்லாம் ஆடும். ஆனா வெள்ளவத்தை பஸ் ஹோல்ட்ல நிண்டு 100 வருதா 101 வருதா எண்டு பாக்கேக்க கண் செக்கனுக்கு மூண்டு தரம் மட்டில துள்ளுது, விழித்திரையில விழுற படமும் அதோட சேந்து ஓடுது, எண்டாலும் காலி வீதி அசையாமக் கிடக்குது.

ஏனெண்டா, கண் தசைக்கு "திரும்பு" எண்டு ஓடர் போடேக்கையே மூளை அதில ஒரு கொப்பியைப் பாக்கிற பகுதிக்கும் அனுப்பிவிடுது, கந்தோர்ல கடிதத்துக்கு சீசீ போடுற மாதிரி. "படம் நகரும், அது நான் நகத்தினது, பயப்படாத" எண்டு முன்கூட்டியே தகவல் போயிடும். விரலால அமத்தேக்க அந்த ஓடரும் இல்லை, கொப்பியும் இல்லை. அதான் உலகம் ஆடுது. கண் தசை வழங்காத ஆக்களுக்கு இது மறுபக்கமா நடக்கும், கண்ணைத் திருப்பப் பாப்பினம், கண் திரும்பாது, ஆனா உலகம் துள்ளின மாதிரி இருக்கும். 19ஆம் நூற்றாண்டிலயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் எண்ட ஜெர்மன் விஞ்ஞானி இதைப் பற்றி எழுதிட்டார்.

இந்தக் கொப்பிதான் எஃபரன்ஸ் கொப்பி. பேர் வந்தது 1950இல. ஃபொன் ஹோல்ஸ்ட், மிட்டல்ஷ்டெட் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் ஜெர்மன்ல எஃபரன்ஸ்கொப்பீ எண்டு வச்சவை. ஒரு ஈயின்ர தலையை 180 பாகை திருப்பிவிட்டு கோடு போட்ட உருளைக்குள்ள விட, அது நடக்க வெளிக்கிட்டா நிக்காமச் சுத்திச்சுது, பாவம், ஏனெண்டா கொப்பி சொல்லுற திசை ஒண்டு கண் சொல்லுற திசை இன்னொண்டு. அதே வருஷம் அமெரிக்காவில ஸ்பெரி எண்ட ஆராய்ச்சியாளர் மீனின்ர கண்ணைத் திருப்பிப் பாத்து கிட்டத்தட்ட இதையே வேற பேர்ல சொன்னார். கொப்பி போற ஒரு பாதையை 2002இல சொமர், வுர்ட்ஸ் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் குரங்கு மூளையில காட்டினவை. உலகம் ஆடாமத் தெரியிறதுக்கு இந்தக் கொப்பி மட்டும்தான் காரணம் எண்டில்லை, கண் துள்ளுற நேரம் பார்வையே கொஞ்சம் மங்கிப்போகும், அதாலதான் கண்ணாடியில உங்கட கண் அசையிறதை நீங்களே பிடிக்கேலாது.

இப்ப சொல்லுக்கு வருவம். லத்தீன்ல எக்ஸ் எண்டா வெளிய, ஃபெர்ரே எண்டா காவுறது. ஏ லெவல் பயோ தமிழ்ல படிச்ச ஆக்களுக்கு உட்காவு (அஃபரன்ட்), வெளிக்காவு (எஃபரன்ட்) எண்டது ஞாபகம் இருக்கும். தண்ணி வாளி காவுறம், காவடி காவுறம், அதே காவுதான், லத்தீனுக்கு அச்சொட்டாப் பொருந்துது. கொப்பிக்கு நகல் எண்டா அரபு வழி வந்தது, பிரதி வடமொழி, படி எண்டது தமிழ்ல நல்லாப் பழகின சொல். கட்டளைப் படி எண்டு வைக்கலாமெண்டு பாத்தா "கட்டளைப்படி நடந்தான்" மாதிரிக் குழம்புது! அதால என்ர தெரிவு வெளிக்காவுப் படி. கதைக்கேக்க கொப்பி எண்டே சொல்லுங்கோ, ஆரும் குறை நினைக்கமாட்டினம்.